ஆங்கிலத்தில் அழைப்பதும் ஏற்பதும் மறுப்பதும்: நாம் சறுக்கும் இடங்கள்

நம் ஊரில் ஒருவரைக் கல்யாணத்துக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டுவிட்டு எழுந்து வந்தால் அது அழைப்பே இல்லை. "கண்டிப்பா வரணும்", "குடும்பத்தோட வரணும்", "முதல் நாளே வந்துடுங்க" என்று வற்புறுத்தினால்தான் மனசாரக் கூப்பிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொல்வோம். ஆங்கிலத்தில் மரியாதை வேறு பக்கம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் சங்கடப்படாமல் 'முடியாது' என்று சொல்ல இடம் விட்டுக் கூப்பிடுவதுதான் அங்கே நாகரிகம். இந்த வித்தியாசம் பிடிபடாததால் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அழைப்பு என்று வந்தால் தடுமாறுகிறார்கள்.

பெனிலோபி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் என்ற இரு மொழியியல் அறிஞர்கள், மக்கள் பணிவாகப் பேசும் விதம் பற்றி 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் ட்செல்டால், அப்புறம் நம் தமிழ். அதுவும் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழ். மனிதர்கள் எல்லோருக்கும் இரண்டு ஆசைகள் உண்டு என்றார்கள். மற்றவர்கள் தன்னை விரும்ப வேண்டும் என்பது ஒன்று. யாரும் தன்னை நெருக்கக் கூடாது என்பது மற்றொன்று. நம் கல்யாண அழைப்பு முதல் ஆசையை நிறைவேற்றுகிறது. ஆங்கில அழைப்பு பெரும்பாலும் இரண்டாவதைக் காப்பாற்றப் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகள் ஏன் தவறுகள் என்று தானாகவே விளங்கும்.

சென்னையில் வேலை செய்யும் ஒரு பையன் மான்செஸ்டரில் இருக்கும் தன் மேலாளருக்கு இப்படி மெயில் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம்: "ஐ கார்டியலி இன்வைட் யூ ஃபார் மை மேரேஜ். கைண்ட்லி கம் வித்தவுட் ஃபெயில் வித் யுவர் ஃபேமிலி." அவன் மனதில் இருப்பது 'தவறாமல் குடும்பத்துடன் வந்து வாழ்த்துங்கள்' என்பது. அந்த மேலாளர் படிப்பது வேறு. 'வித்தவுட் ஃபெயில்' என்பதை அவர் பார்த்துப் பழகிய இடம் உத்தரவுகள்: தினமும் மாத்திரையைத் தவறாமல் போடு, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையைத் தவறாமல் அனுப்பு. இன்றைய பிரிட்டிஷ் காதுக்கு 'கைண்ட்லி' என்பதும் அறிவிப்புப் பலகை போலவோ, கொஞ்சம் எரிச்சலில் சொன்னது போலவோ கேட்கும். குடும்பத்தோடு விமானம் ஏறி வரச் சொல்கிறானே, மறுத்தால் மனம் புண்படுமோ என்ற கவலை வேறு.

அதே அழைப்பை இப்படி எழுதலாம்: "வீ ஆர் கெட்டிங் மேரீட் இன் மதுரை ஆன் 12 செப்டம்பர், அண்ட் வீ வுட் லவ் டு ஹேவ் யூ தேர். ஐ நோ இட் இஸ் அ லாங் வே, ஸோ ப்ளீஸ் டோன்ட் ஃபீல் யூ ஹேவ் டு." கடைசி வாக்கியம் நமக்கு உறுத்தும். 'வராவிட்டாலும் பரவாயில்லை என்று நாமே சொல்லலாமா, அது அவமரியாதை இல்லையா' என்று தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்தைத்தான் அவர் மரியாதையாக எடுத்துக்கொள்வார். அதைத் தயங்காமல் எழுதிப் பழகுங்கள் என்பேன். போகிற போக்கில் இரண்டு திருத்தங்கள்: அந்த ஒரு நாள் நிகழ்ச்சி 'வெட்டிங்', 'மேரேஜ்' என்பது அதற்குப் பிறகு தொடங்கும் வாழ்க்கை. 'இன்வைட் ஃபார்' என்பதைவிட 'இன்வைட் டு' என்பதே பொதுவழக்கு. சாப்பாடு, காபி போன்றவற்றுக்கு 'ஃபார்' சரி.

பேச்சில் கூப்பிடும்போது இன்னொரு சறுக்கல். "டூ யூ லைக் டு கம்?" என்று கேட்பவர்கள் நிறைய. அது 'உனக்கு வருவது பிடிக்குமா' என்று பொதுவான விருப்பத்தை விசாரிப்பது. அழைப்புக்கு "வுட் யூ லைக் டு கம்?" என்றுதான் கேட்க வேண்டும். இதைவிட மோசமானது, எடுத்த எடுப்பில் "ஆர் யூ ஃப்ரீ ஆன் சாட்டர்டே?" என்று கேட்டு நிறுத்துவது. எதற்கு என்று தெரியாமல் அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வார். வீடு மாற்றச் சாமான் தூக்கக் கூப்பிடுகிறீர்களா, பிரியாணி சாப்பிடவா என்று அவருக்கு எப்படித் தெரியும்? விஷயத்தை முதலில் சொல்லுங்கள்: "வீ ஆர் ஹேவிங் அ ஃப்யூ பீப்பிள் ஓவர் ஃபார் லஞ்ச் ஆன் சாட்டர்டே. வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?" இதற்கு 'நோ' சொல்லவும் வழி இருக்கிறது.

நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் விவரங்கள் அங்கே கட்டாயம் தேவை. எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடியும், சாப்பாடு உண்டா, யார் யாருக்கு அழைப்பு, ஓட்டல் என்றால் பணம் யார் கொடுப்பது. நம் அலுவலகங்களில் பிறந்தநாள்காரர் 'ட்ரீட்' கொடுப்பார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிறந்தநாள் விருந்துக்கு ரெஸ்டாரன்டுக்குக் கூப்பிட்டால், பல நேரம் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் "இட்ஸ் ஆன் மீ" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அழைப்பிதழைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் '7.30 ஃபார் 8' என்று போட்டிருந்தால் ஏழரைக்கு வந்து சேருங்கள், எட்டு மணிக்குச் சாப்பிட உட்காருவோம் என்று அர்த்தம். எட்டரைக்கு நிதானமாகப் போனால் மேசையில் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் வட பகுதியில் 'டீ' சாப்பிடக் கூப்பிட்டால் அது மாலைச் சாப்பாடாகவே இருக்கலாம்; வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'பிரிங் அ ப்ளேட்' என்றால் வெறும் தட்டு இல்லை, எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது சமைத்துக்கொண்டு வா என்று பொருள்.

பிரிட்டிஷ் கல்யாணங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிலருக்கு நாள் முழுவதும் அழைப்பு, சிலருக்கு மாலைக் கொண்டாட்டத்துக்கு மட்டும். மாலைக்கு மட்டும் வந்தால் நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். இடத்துக்கும் செலவுக்கும் ஏற்றபடி அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதே சமயம், 'மாலைக்குக் கூப்பிட்டால் காலையிலும் போகலாம்' என்ற நம் ஊர் உரிமையை அங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அழைப்பு. அங்கே பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய நாற்காலி இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சினனைச் சேர்த்துக்கொண்டு போய் நின்றால், கூப்பிட்டவர்கள் ஒரு நாற்காலிக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் ஓட வேண்டும்.

அழைப்பு போலத் தோன்றி அழைப்பாக இல்லாதவையும் உண்டு. "வீ மஸ்ட் ஹேவ் லஞ்ச் சம்டைம்" என்று ஒருவர் சொன்னால், உடனே காலண்டரைத் திறந்து 'எந்த நாள்?' என்று கேட்காதீர்கள். நாள், நேரம், இடம் மூன்றும் இல்லாதவரை அது நல்லெண்ணம் மட்டும்தான். நாம் தெருவில் பார்த்தவரிடம் 'ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று சொல்வதில்லையா, அதே ரகம். "ஐ வுட் லவ் டு" என்று மலர்ச்சியாகச் சொல்லிவிட்டு நகருங்கள். உண்மையிலேயே சந்திக்க விருப்பம் என்றால், இரண்டு நாள் கழித்து நீங்களே ஒரு நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இனி பதில். ஆர்.எஸ்.வி.பி. என்பது 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். அதில் ஒரு தேதி இருந்தால் அந்தத் தேதிக்குள் பதில் போக வேண்டும். வருவதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நம்மில் பலர் 'போகப் போகிறோம், அப்புறம் எதற்குப் பதில்' என்று இருந்துவிடுகிறோம். பதில் வராவிட்டால் அவர்கள் உங்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியிருக்கும். 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று போட்டிருந்தால் மட்டும், வராதவர்கள் பதில் சொன்னால் போதும்.

ஏற்பது சுலபம், இரண்டே வரி. நன்றி, சந்தோஷம், வருகிறேன்: "தேங்க் யூ ஸோ மச் ஃபார் இன்வைட்டிங் அஸ். வீ வுட் லவ் டு கம்." பேச்சு வழக்கில் "ஐ அக்செப்ட் யுவர் இன்விடேஷன்" என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது போல இருக்கும். வெறும் 'ஓகே', 'ஃபைன்' அதைவிட மோசம், வேண்டாவெறுப்பாகத் தெரியும். கடைசியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதாதீர்கள்; 'டு மீட்டிங் யூ' அல்லது 'டு சீயிங் யூ'. "வாட் கேன் ஐ பிரிங்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அச்சிட்ட பழைய பாணி அழைப்பிதழ் வந்தால், கணவன் மனைவி பெயரைப் போட்டுப் படர்க்கையில் பதில் எழுதும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. அமெரிக்காவில் எமிலி போஸ்ட் 1922இல் எழுதிய நாகரிக வழிகாட்டி அந்த மாதிரி வடிவங்களுக்குப் பேர்போனது. நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பிய அழைப்புக்கு அதெல்லாம் வேண்டாம்.

நம் உண்மையான சிக்கல் மறுப்பதில் இருக்கிறது. சுபகாரியத்துக்குக் கூப்பிடும்போது 'வரமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வாய் வராது. 'பார்க்கிறேன்', 'முயற்சி பண்றேன்' என்போம், கூப்பிட்டவரும் புரிந்துகொள்வார். அதையே ஆங்கிலத்தில் "ஐ வில் ட்ரை" என்று சொன்னால், முயற்சி செய்யப் போகிறார் என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். நாற்காலி போடுவார்கள், சாப்பாடு சொல்வார்கள். நீங்கள் போகாதபோது, 'முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே' என்ற வருத்தம் மிஞ்சும். இந்தப் பட்டியலில் உறவைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன். நிஜமாகவே தெரியவில்லை என்றால், எப்போது சொல்வீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்: "கேன் ஐ லெட் யூ நோ பை தர்ஸ்டே?" வியாழக்கிழமை மறக்காமல் சொல்லியும் விடுங்கள்.

இன்னொரு ஓரத்தில் "ஐ கான்ட் கம், ஐ ஹேவ் சம் வொர்க்" நிற்கிறது. 'கொஞ்சம் வேலை இருக்கு' என்று தமிழில் சொன்னால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் அது உங்கள் விருந்தைவிட ஏதோ ஒரு வேலை முக்கியம் என்று வெட்டிவிடுவது போல இருக்கும். நன்றியில் தொடங்குங்கள், வருத்தத்தைச் சொல்லுங்கள், ஒரே ஒரு சின்னக் காரணம், முடிந்தால் இன்னொரு நாள்: "தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங் மீ. ஐ அம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் மேக் இட், வீ ஹேவ் ஃபேமிலி விசிட்டிங் தட் வீக்கெண்ட். ஐ ஹோப் யூ ஹேவ் அ லவ்லி டைம்." இதில் 'அஃப்ரெய்ட்' என்பதற்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை, வருத்தத்தைச் சொல்லும் வழக்கு அது. காரணம் சொல்ல விருப்பமில்லையா? "ஐ ஹேவ் ஆல்ரெடி காட் சம்திங் ஆன் தட் டே" போதும். மாமனாருக்குச் சுகர், பிள்ளைக்குப் பரீட்சை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று நாலைந்து காரணங்களை அடுக்கினால் ஒன்றைக்கூட நம்பமாட்டார்கள்.

ஆங்கிலேயர்கள் எல்லாவற்றையும் பட்டென்று சொல்வார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். உரையாடலைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் கவனித்த ஒன்று உண்டு: ஏற்பு உடனே வந்துவிடும், மறுப்பு ஒரு சின்ன மௌனத்தோடும் 'வெல்' என்ற இழுவையோடும் வரும். "ஐ வுட் லவ் டு, பட்" என்று ஆரம்பித்தால் அது மறுப்பு. முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அதேபோல, "கேன் ஐ டேக் அ ரெயின் செக்?" என்று அமெரிக்கர்கள் கேட்பார்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு ஆட்டத்துக்குக் கொடுக்கும் சீட்டிலிருந்து வந்த வழக்கு அது. இன்னொரு முறை வர உண்மையிலேயே ஆசை இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே கூப்பிடுவார்கள்.

அலுவலகக் காலண்டரில் வரும் மீட்டிங் அழைப்பும் அழைப்புதான். 'டிக்ளைன்' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் போகாமல், கூடவே ஒரு வரி எழுதுங்கள்: "ஸாரி, ஐ ஹேவ் அ க்ளாஷ். ஹேப்பி டு ரீட் த நோட்ஸ்." எல்லாவற்றுக்கும் 'மேபி' போட்டு வைப்பது நம் 'பார்க்கிறேன்'தான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு முடியாமல் போனால், தெரிந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே என்றால் மெசேஜ் போதாது, போன் செய்யுங்கள். தலைக்கு இத்தனை என்று சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருப்பார்கள்.

கடைசியாக, உங்கள் அழைப்பை ஒருவர் மறுக்கும்போது என்ன செய்வது. 'ஏன், என்ன வேலை?', 'ஒரு அரைமணி நேரமாவது வந்துட்டுப் போங்க' என்பது நம் அன்பு. ஆங்கிலத்தில் அது குறுக்கு விசாரணை. "நாட் டு ஒர்ரி, அனதர் டைம்" என்று சிரித்தபடி விட்டுவிடுங்கள். அவர் வேறு நாள் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் ஒரு தடவைகூட மாற்று நாள் எதுவும் சொல்லவில்லை என்றால், அடுத்த அழைப்பை அவரிடமே விட்டுவிடலாம்.