ஆங்கில மொழியணியும் இலக்கணமும்: இடைநிலைப் பள்ளி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன உங்களுக்கு மொழியணி புதிதல்ல. ஆறு வருடம் 'செய்யுளும் மொழியணியும்' படித்திருக்கிறீர்கள். உவமைத்தொடர், மரபுத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாம் தலைகீழாகச் சொல்வீர்கள். அது பெரிய பலம். ஆனால் சிமிலி, மெட்டஃபர், ஜெரண்ட் என்று ஆங்கிலப் பெயர்கள் வந்ததும் பலர் சொல்லின் முகத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. நான் திருத்தும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

'லைக்' வந்தால் சிமிலி, அதாவது உவமை, என்று எழுதுவதைப் பாருங்கள். 'ஷீ லைக்ஸ் ரெயின்' என்பதில் அது வெறும் வினைச்சொல். 'ஷீ லுக்ஸ் லைக் ஹெர் சிஸ்டர்' என்பதில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் உவமை இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே இனம். 'ஹெர் ஆங்கர் வாஸ் லைக் எ ரிவர் இன் ஃப்ளட்' என்றால்தான் சிமிலி. கோபமும் ஆறும் வேறு வேறு பொருள்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேகம். 'லைக்'கை எடுத்துவிட்டு கோபமே ஆறு என்றால் மெட்டஃபர், அதாவது உருவகம். இதுவரை பலருக்கும் தெரியும். தவறவிடுவது அடுத்ததை: 'ஹெர் ஆங்கர் ஃப்ளடட் தி ஹவுஸ்'. இங்கே 'லைக்' இல்லை, 'இஸ்' இல்லை, ஆறு என்ற சொல்லே இல்லை. உருவகம் வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நல்ல கவிதைகளில் இப்படித்தான் அதிகம் வரும்.

அலிட்டரேஷனை மோனை என்று புரிந்துகொள்வது நல்ல தொடக்கம், ஆனால் அப்படியே முழுதாக ஒட்டாது. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே அநேகமாக ஓசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'சிட்டி'யும் 'கேட்'டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஓசை வேறு, அதனால் அலிட்டரேஷன் இல்லை. 'நைஃப்' 'கே'யில் தொடங்குகிறது, 'நைட்' 'என்'னில் தொடங்குகிறது, ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்று, அதனால் அது அலிட்டரேஷன். இன்னொன்று: தமிழில் ம–வ, ச–த இன மோனையாக வரலாம். 'மழை', 'வானம்' இரண்டும் மோனை கொள்ளும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. எதுகையையும் ரைம் என்று எழுதாதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்தைப் பார்க்கிறது, ரைம் கடைசி ஓசையைப் பார்க்கிறது. அதற்கு நெருக்கமானது இயைபு.

மனிதரல்லாத ஒன்றை மனிதரைப் போலப் பேசும் பர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதுவதும் அடிக்கடி வருகிறது. காற்று கிசுகிசுத்தது என்றாலே பர்சானிஃபிகேஷன் வந்துவிட்டது. தற்குறிப்பேற்றத்துக்கு அது போதாது. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் காரணத்தை ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடி காற்றுக்கு ஆடுகிறது. இளங்கோவடிகளோ, அது கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கை காட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். அந்தக் காரணம்தான் தற்குறிப்பேற்றத்தின் உயிர்.

ஓசையையே சொல்லாக்கும் ஒனமட்டோபியா பற்றி ஒரு வரி போதும்: 'சலசல' ஓசை, 'பளபள' ஓசை இல்லை. இரட்டைக்கிளவி எல்லாம் ஒனமட்டோபியா ஆகாது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். 'இங்' என்று முடிந்தால் வினை என்று கோடு போடுகிறீர்கள். 'டேப்பிங் ஸ்டார்ட்ஸ் பிஃபோர் டான்' என்ற வாக்கியத்தில் டேப்பிங் எழுவாய். 'ரப்பர் மரத்தில் பால் வெட்டுதல் விடியுமுன்னே தொடங்குகிறது' என்று தமிழில் சொன்னால் உடனே தெரியும், தொழிற்பெயர். ஆங்கிலத்தில் ஜெரண்ட். 'ரன்னிங் வாட்டர்' என்பதில் ரன்னிங் தண்ணீரை விவரிக்கிறது, நம் 'ஓடும் நீர்' போல. 'ஹீ இஸ் டேப்பிங்' என்பதில்தான் வினை, அதுவும் 'இஸ்' துணைக்கு இருப்பதால். 'ஹீ டேப்பிங்' வாக்கியமே ஆகாது.

இந்த 'இஸ்' விடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 'என் அப்பா லாரி டிரைவர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. மலாயிலும் அப்படியே. இரண்டு மொழியும் பழகிய வாய்க்கு 'மை ஃபாதர் லாரி டிரைவர்' என்பது குறையாகவே படாது. 'இஸ்'ஸும் வேண்டும், 'எ'யும் வேண்டும். காலம் காட்டுவதில் மட்டும் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, அந்தப் பழக்கத்தில்தான் 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதுகிறீர்கள். தமிழில் 'நேற்று போகிறேன்' என்று யாராவது சொல்வார்களா?

'லி'யில் முடிவதெல்லாம் அட்வெர்ப், அதாவது வினையடை, இல்லை. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் பெயரடை. 'ஹார்ட்' வினையடையாக வரும்போதும் 'ஹார்ட்' தான். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கி உங்களைப் படிக்க வைக்கும் அம்மாவைப் பாராட்ட 'மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதினால் பாராட்டே தலைகீழாகிவிடும். 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை' என்று பொருள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பெயர் சொன்னதோடு நிறுத்திவிடுவது. 'தி மில் ஸ்வாலோட் அவர் ஸ்லீப்' என்ற வரியைக் கொடுத்தால் 'பர்சானிஃபிகேஷன்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறீர்கள். ஏன் 'விழுங்கியது'? மில்லின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்தது என்று சொல்லியிருக்கலாமே? விழுங்கியது திரும்ப வராது. மில் பசியுள்ள பெரிய மிருகம் போலவும், பக்கத்து வீடுகள் அதற்கு இரை போலவும் தோன்றுகிறது. இந்த இரண்டு வரிகளை எழுதுவதற்காகத்தான் அந்தப் பெயரையே படிக்கிறோம்.

உங்கள் சொந்தக் கட்டுரைக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் இப்போதைய ஆங்கில எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதி 200 முதல் 250 சொற்கள்தான். அதில் ஐந்து உவமையைத் திணித்தால் மூச்சு முட்டும். 'நகமும் சதையும் போல' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினாலும் வாசிப்பவருக்கு நட்பு தெரியாது, நகம்தான் தெரியும். பால்மரம், செம்பனை, மில் என்று நீங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து ஒன்றே ஒன்று எடுங்கள். அதை நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். வரி எதையும் இழக்கவில்லையென்றால் அடித்துவிடுங்கள்.