சுண்ணாம்புச் சுவர் மீது ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு வரும் காய்ச்சல் எனக்கும் வந்தது. கை வைத்தால் குளிர்ந்து, முகம் பார்க்கலாம் போல மின்னும் செட்டிநாட்டுச் சுவர்களைத் தடவிவிட்டு ஊர் திரும்பியவன், அந்தச் சித்திரையிலேயே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பத்தடி நீளத்துக்கு நானே சுண்ணாம்பு பூசினேன். கடுக்காய் ஊறவைத்தேன், கருப்பட்டி கரைத்தேன், மணல் சலித்தேன். மூன்றாம் நாள் விரலால் இழுத்தால் விபூதி போல உதிர்ந்தது. தெருவில் இருந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாமான் எல்லாம் சரிதான் தம்பி, நாள்தான் போதவில்லை" என்றார்.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகுகிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. மீந்த சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்து நீறுகிறது. அதைச் சுவரில் பூசினால், சூளையில் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. இதற்கு ஈரம் வேண்டும், ஏனென்றால் வாயு கரைந்து உள்ளே இறங்குவது அந்த ஈரத்தின் வழியாகத்தான். சித்திரை வெயிலில் என் பூச்சு ஒரே பகலில் காய்ந்துவிட்டது. காய்ந்தது, ஆனால் இறுகவில்லை. நான் அந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

ஆகவே வெயில் நேராக விழும் சுவருக்கு முதலில் நிழல் கட்டுங்கள். பூசுவதற்கு முன்பே சுவரை நனையுங்கள். காய்ந்த செங்கல் பூச்சிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பூசிய பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரமாவது இலேசாகத் தெளித்து வாருங்கள். சிமெண்டுக்கு ஊற்றுவது போலக் குடம் குடமாக ஊற்றினாலும் கெடுதல்தான். நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. கனமாக ஒரே பூச்சில் முடிப்பதும் வேண்டாம். மெல்லிய பூச்சாக, இடையில் நாள் விட்டுப் பூசவேண்டும்.

அடுத்த தவறு நீற்றுவதில். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் கிடக்கவிட்டால்தான் வெண்ணெய் போலக் குழைவு வரும். இரண்டே நாளில் அள்ளிப் பூசினால் உள்ளே நீறாத பொடிக்கற்கள் மிச்சமிருக்கும். அவை சுவரில் ஏறிய பிறகு ஈரம் குடித்துப் பருத்து, அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகத் தெறிக்கும். கடையில் கிடைக்கும் நீற்றிய தூளானால் மூட்டை புதியதா, வாய் திறந்து கிடந்ததா என்று பாருங்கள். காற்றுப்பட்ட தூள் மூட்டையிலேயே பாதி கல்லாகியிருக்கும்.

இந்த வேலையில் கண்ணைப் பற்றி அலட்சியம் கூடாது. தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்புக் குவியலின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இது கடுமையான காரம், கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட்டியருகே போகாதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

"பலத்துக்கு ஒரு கை சிமெண்ட் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். அப்படிப் போட்ட கலவையில் சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் நெகிழ்வும் நிற்காது. இதைவிட வேடிக்கை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை, 'பாரம்பரிய முறை' என்று சொல்லி சிமெண்ட் கலவையில் ஊற்றுவது. சர்க்கரை சிமெண்டுக்குப் பகை. சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே அது இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். கூடுதலானால் இறுகாமலே போகலாம். சுண்ணாம்பில் அதே வெல்லத் தண்ணீர் கலவையைக் கரணைக்கு இணக்கமாக்குகிறது. அங்கேயும் அளவு மீறினால் பூச்சு இறுகத் தாமதமாகும்.

முட்டைக் கதையும் இப்படித்தான். சுவர் முழுக்க முட்டையால் கட்டியது போலப் பேசுகிறார்கள். வெள்ளைக்கரு சேர்ந்தது மினுமினுப்புத் தரும் மேற்பூச்சில்தான். அடியில் இருக்கும் பூச்சுகள் சரியில்லையென்றால் கூடை கூடையாக முட்டை உடைத்தாலும் பயனில்லை.

இதுவரை சொன்னவற்றில் நட்டம் பத்தடிச் சுவரோடு போகும். பழைய வீடு வாங்கியவர்கள் செய்யும் தவறு வீட்டையே தின்னும். அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது; செங்கல்லும் மென்மையானது. மழைக்காலத்தில் ஓதம் மேலேறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியே போய்விடும். மேலே பூச்சு கொஞ்சம் உதிரும், ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பயந்து சிலர் அதை உரித்துவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்கிறார்கள். ஈரம் போகும் வழி அடைபடுகிறது. ஓதம் முன்பைவிட உயரமாக ஏறுகிறது, கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொரியவைக்கிறது. சில மழைக்காலம் போனதும் பூச்சு பாளம் பாளமாக, செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு விழும். "பழைய சுவர் அப்படித்தான்" என்று பழி சுவர்மேல். சிமெண்டை மெதுவாக உளியால் எடுத்துவிட்டு, கோடையில் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புக்கே திரும்புவதுதான் வழி. அதற்கும் முன்னால், தெரு மட்டம் உயர்ந்து மண் சுவரை மூடியிருக்கிறதா, சாக்கடை கசிகிறதா என்று பாருங்கள்.

மறுபக்கம், பழையது எல்லாம் உயர்ந்தது என்ற மயக்கம். இன்று நாம் பார்க்கும் பழைய வீடுகள் நின்றவை. இடிந்தவை கண்ணில் படுவதில்லை. தூய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இறுகாது. 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சுர்க்கியைச் சேர்த்தார்கள், அதாவது சுட்ட செங்கல் தூளை. அந்தத் தூள் சுண்ணாம்போடு வினைபுரிவதால் காற்றில்லாத இடத்திலும் இறுக்கம் வருகிறது. ஆகவே எப்போதும் தண்ணீரில் நிற்கும் அடிப்பகுதிக்கு வெறும் சுண்ணாம்பை நம்பாதீர்கள். கம்பி கட்டிய உத்தரத்தில் சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு போடலாமா என்று பொறியாளர் கையெழுத்தில்லாமல் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். 'சிமெண்டே ஆகாது' என்று சபதம் எடுத்தவர்கள் தரைக்குச் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிமேல் நிறம் ஊற்றிச் செய்யும் அந்தக் கல்லில் இருப்பதே சிமெண்டும் மணலும்தான். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வரவழைத்துச் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்குப் புதுச்சரக்கின் மேல் எந்த விரதமும் இருக்கவில்லை.

பழையவர்களுக்கு அக்கறை போதாது என்று எண்ணுவது இதற்கு நேர் எதிரான தவறு. ரோமானியக் கான்கிரீட்டில் அங்கங்கே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள்களைச் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் வேறு விளக்கம் தந்தார்கள்: சுட்ட சுண்ணாம்பை நீற்றாமலேயே சூடாகக் கலந்திருக்கிறார்கள், விரிசல் விழுந்து தண்ணீர் புகும்போது அந்தத் துகள்கள் கரைந்து விரிசலை அடைக்கின்றன. இதைப் படித்துவிட்டு வீட்டுப் பூச்சில் நீறாத சுண்ணாம்பைக் கலக்கக் கிளம்பாதீர்கள். அவர்கள் எரிமலைச் சாம்பல் சேர்த்த கனத்த கட்டுமானத்துக்குச் செய்தது அது. நம் மெல்லிய பூச்சில் அந்த அம்மைக்குழிதான் மிஞ்சும்.

முதல் முறை கைவைக்கிறவர்கள் பூச்சு வேலையையே விட்டுவிட்டு, ஏற்கெனவே சுண்ணாம்புச் சுவர் இருந்தால் அதற்கு வெள்ளையடிப்பதில் தொடங்கலாம். சுவரை நனைத்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து வடிகட்டுங்கள். அடித்து முடித்ததும் சுவரில் ஒன்றுமே இல்லாதது போல அடிச்சுவர் தெரியும். இங்கேதான் எல்லாரும் பொறுமை இழந்து இன்னும் இரண்டு கை சுண்ணாம்பை அள்ளிப்போட்டுக் கெட்டியாக்குகிறார்கள்; அது அடுத்த மாதம் செதில் செதிலாக உரியும். அந்த மெல்லிய நீரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்து பார்த்தால் வெளுத்திருக்கும். அதன்மேல் இரண்டாம் முறை அடிக்கலாம்.