டவுனுக்குப் போகையில் போத்தல் எதற்கு? வெளியில் தாய்ப்பால் கொடுக்கப் பழகும் முறை

வீட்டில் இருக்கும்வரை தாய்ப்பால், ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ புறப்பட்டால் மட்டும் பையில் ஒரு போத்தல். நம் பக்கத்தில் புதிதாகப் பிள்ளை பெற்ற பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். பால் பற்றாமல் இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் ஆட்கள் முன்னால் எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம்தான். ஆனால் அந்தப் போத்தலைக் கழுவிக் கொதிக்கவைக்க வழியில் எங்கே வசதி? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று கிளினிக்கில் சொன்னதும் அதோடு போச்சு. வீடு திரும்புவதற்குள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கத் தொடங்குவது வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்கும்போது பிறர் கண்ணில் படக்கூடியது, பிள்ளை வாய் வைக்கிற அந்த அரை நிமிஷமும் வாயை எடுக்கிற சில விநாடியும்தான். நடுவில் உள்ள நேரமெல்லாம் பிள்ளையின் தலையே மறைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவருக்கு, மடியில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்றுதான் தோன்றும். ஆகவே பழக வேண்டியது அந்த அரை நிமிஷத்தை. கை பழகிவிட்டால் தைரியம் பின்னாலேயே வந்துவிடும்.

1. வாய் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

இது சரியாக வராமல் வெளியில் போனால் சிரமம்தான். பிள்ளை வாய் வைப்பதும் விடுவதுமாக அழும், நீங்கள் திரும்பத் திரும்பத் துணியை விலக்க வேண்டிவரும், சுற்றியுள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிள்ளையின் உடல் முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும், வயிறோடு வயிறு ஒட்டினாற்போல். கழுத்து மட்டும் திரும்பியிருந்தால் விழுங்கக் கஷ்டப்படும். காம்பைப் பிள்ளையின் மேல் உதட்டில் இலேசாகத் தொடுங்கள். வாயை நன்றாக, கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகும் நோகும், மேல்துணியும் விலகும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிந்தால் சரி. முதலில் வேகமாக உறிஞ்சி, பால் இறங்கியதும் ஆழமாக, விட்டுவிட்டு விழுங்குகிற சத்தம் கேட்கும்.

எடுக்கும்போது இழுக்காதீர்கள். கழுவிய சுண்டுவிரலை வாயோரம் நுழைத்தால் பிடி தானாக விடும். வலி குறையாமலே இருந்தால், காம்பு வெடித்திருந்தால், வெளியில் போவதைத் தள்ளிவைத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் முதலில் காட்டுங்கள்.

2. உடுப்பு

கழுத்துப் பக்கமாகத் திறக்கும் உடுப்பைவிட, மேல்சட்டையைக் கீழிருந்து தூக்கி உள்சட்டையைக் கீழே இறக்குகிற முறைதான் நம் குளிருக்குத் தோது. தளர்வான மேல்சட்டை, உள்ளே கழுத்து இழுபடுகிற பனியன் துணிச் சட்டை. மேல்சட்டை மார்பை மூடும், உள்சட்டை வயிற்றையும் இடுப்பையும் மூடும். நடுவில் விலகும் இடத்தில் பிள்ளையின் முகம் இருக்கும். வேறு எதுவும் வெளியே தெரியாது, குளிர்காற்றும் வயிற்றில் படாது.

சேலை கட்டுகிறவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. பிளவுஸின் கீழ்க் கொக்கிகளை மட்டும் கழற்றி, முந்தானையைப் பிள்ளைமேல் இழுத்துவிட்டால் முடிந்தது. சல்வார்தான் தொல்லை. அதை மேலே தூக்கவும் முடியாது, கழுத்தும் இறங்காது. டவுனில் தையல்காரரிடம் கொடுத்து மார்பின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஜிப் வைக்கச் சொல்லுங்கள். ஜிப்பை மூடுகிற மாதிரி துணி மடிப்பும் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பல் பிள்ளையின் கன்னத்தில் உரசும். சுவெட்டர் போடுவதானால் முன்னால் பொத்தான் வைத்தது நல்லது. தலைவழியாகப் போடுகிற ஜம்பரோடு பஸ்ஸில் போராட முடியாது.

ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் கசியும். பழைய பருத்தித் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட சட்டையில் ஈரம் தெரியாது, வெளிர் நிறத்தில் நன்றாகத் தெரியும்.

மூடுவதற்கு மெல்லிய பருத்திச் சோல் போதும். கம்பளி வேண்டாம், முகத்தை மூடவும் வேண்டாம். மூக்கு திறந்திருக்க வேண்டும், பிள்ளை உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைக்காற்றில் சோல் பறக்கும், ஆகவே இரண்டு முனையையும் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் மூடினால் கத்தும். அப்படியானால் சோலையே விட்டுவிடுங்கள். துணியோடு மல்லுக்கட்டுவதைத்தான் ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

3. காம்பராவிலிருந்து இஸ்தோப்புக்கு

முதலில் காம்பராவில், அதாவது வீட்டு அறையில், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கு மேலிருந்து எல்லாம் தெரிவதால் எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைப்பீர்கள். கண்ணாடியில் பார்த்தால் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று புரியும். தங்கச்சியையோ அக்காவையோ முதலில் எதிரே, அப்புறம் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள். பக்கவாட்டில்தான் இடைவெளி விழும். அந்தப் பக்கத்துக் கையை உயர்த்திப் பிள்ளையின் தலையைத் தாங்கினால் அதுவும் மறையும்.

அடுத்து இஸ்தோப்பு, அதாவது வீட்டு முன்திண்ணை. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்கள் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குமாகப் போய்வருகிற நேரத்திலேயே அங்கே உட்கார்ந்து கொடுங்கள். அவர்களோடு பேசிக்கொண்டே கொடுக்க வருகிறதா என்று பாருங்கள். பேச்சு நிற்காமல், கீழே குனிந்து பார்க்காமல் பிள்ளையை வாய்வைக்க வைத்துவிட்டால் நீங்கள் டவுனுக்குத் தயார்.

நம் பாட்டிமாருக்கு இந்தப் பயிற்சியெல்லாம் தேவைப்படவில்லை. வேலை நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்து வாசலில் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடேயே உட்கார்ந்து கொடுத்துவிட்டுத் தேயிலை மலைக்குத் திரும்பினார்கள். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தாலும் யாரும் எழுந்து ஓடியதில்லை.

4. முதல் வெளியூர்: கிளினிக்

சுற்றிலும் தாய்மார், பாதிப்பேர் பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி போடுவார்கள் அல்லவா, அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். ஊசி போடும்போதும் போட்ட கையோடும் பால் கொடுத்தால் பிள்ளைக்கு வலி குறையும். அங்கே உங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. எல்லார் கவனமும் தங்கள் பிள்ளையின் அழுகையில்தான் இருக்கும்.

5. கடைவீதி

புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும், ஆகவே டவுனில் எப்படியும் ஒருமுறை கேட்கும். அழும்வரை விடாதீர்கள். தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும், உதட்டை நக்கும். அப்போதே உட்கார்ந்துவிட்டால் கூட்டத்துக்குத் தெரியாமல் காரியம் முடியும். கத்தத் தொடங்கிய பிள்ளைக்கு வாய்வைப்பது வீட்டிலேயே கஷ்டம்.

உடுப்புக் கடையில் வேலைசெய்கிற பெண்பிள்ளையிடம், "தங்கச்சி, பாப்பாக்குப் பசி, அஞ்சு நிமிஷம் உக்காரலாமா?" என்று கேளுங்கள். உட்புறமாக ஒரு ஸ்டூல் போட்டுத் தருவார்கள். கோயில் மண்டபத்துத் தூணோரமும் நல்ல இடம். பொதுக் கழிவறைக்கு மட்டும் போகாதீர்கள். நீங்கள் அங்கே சாப்பிடுவீர்களா?

வழியில் எதுவும் இல்லையென்றால் நம் எல்லார் பையிலும் இருக்கிற குடை இருக்கிறதே. மதிலோரமாக உட்கார்ந்து, கூட வந்தவரிடம் விரித்த குடையைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மழைக்கும் தடுப்பு, கண்ணுக்கும் தடுப்பு. கை சில்லென்றிருந்தால் மார்பில் வைப்பதற்கு முன் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதிக்கும். பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. பாலை இறங்கச் செய்கிற ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு பயத்தாலும் வெட்கத்தாலும் கொஞ்ச நேரம் தடைபடும், அவ்வளவுதான். தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டு, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். சூடான பிளேன்டீயை மட்டும் பிள்ளை மடியில் இருக்கும்போது தொடாதீர்கள்.

6. பஸ்

கூடுமானால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே கொடுத்து முடியுங்கள். ஓடத் தொடங்கினால் வளைவுக்கு வளைவு பிள்ளையின் பிடி விடும், குடித்ததைக் கக்கவும் செய்யும்.

நடுப்பகுதியில் ஜன்னலோர சீட்டைப் பாருங்கள். பின் சீட்டில் குலுக்கல் அதிகம், முன் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது. ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மார்பில் கொடுங்கள். பிள்ளையின் தலை ஜன்னல் பக்கம், கால்கள் பக்கத்து ஆள் பக்கம் வரும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது குட்டிக் கால் இரண்டும் காலுறையும்தான். ஆனால் வளைவில் தலை கண்ணாடியில் மோதாமல், மடித்த துணியையும் உங்கள் முழங்கையையும் நடுவில் வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது ஜன்னல்வழியே வெளியில் இருந்து தெரியும் என்பதால் அந்தப் பக்கத்துத் திரையை இழுத்துவிடுங்கள்.

இடம் இல்லையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். சிங்களம் பேசுகிற கண்டக்டரிடம் "பபாட்ட கிரி தென்ன ஓனே" (பாப்பாவுக்குப் பால் கொடுக்க வேண்டும்) என்றால் அவரே ஓர் ஆளை எழுப்பிவிடுவார்.

ரயிலில் எதிரெதிர் சீட் என்றால் வீட்டு ஆளை எதிரே உட்காரவையுங்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் வரும். உள்ளே பொடியன்கள் கூவுவார்கள், பிள்ளை திடுக்கிட்டு வாயை எடுக்கும். நான்கைந்து மாதமான பிள்ளைகள் சத்தம் கேட்டால் வாயை எடுக்காமலே தலையைத் திருப்பும், அது இன்னும் வலிக்கும். சுரங்கம் நெருங்கும்போது விரலைத் தயாராக வைத்திருங்கள்.

7. வாய்ப்பேச்சுக்கு

"வெளியில கொடுத்தா கண்பட்டுப் பால் வத்திரும்" என்று மாமியார் சொன்னால் வாதாட வேண்டாம். "சரி அத்தை, வந்ததும் நீங்களே சுத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவருக்கும் ஒரு வேலை, உங்களுக்கும் நிம்மதி.

முறைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விநாடியில் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அவரைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். போனைத் தூக்கிப் பிடிக்கிறவன் இருந்தால் அது வேறு கதை. "போனைக் கீழ வைங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள், கண்டக்டருக்கும் சக பயணிகளுக்கும் கேட்கட்டும்.

கணவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் நெளிந்தால் உங்களுக்கும் நெளிவு வரும். பையைப் பிடிப்பது, குடை பிடிப்பது, பக்கவாட்டில் உட்காருவது என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் நெளிய நேரம் இருக்காது.

8. வேலைக்குத் திரும்பினால்

ஆறு மாதத்துக்குப் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் இது தொடரும். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தொழிலாளிக்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை தர வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு. இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது.

வேலைக்குப் போகும் முதல் நாளிலேயே எந்த நேரத்தில் மடுவத்துக்கு வருவீர்கள் என்று கங்காணியிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தைக் காட்டி அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போங்கள். தனியாகப் போகாமல், பால் கொடுக்கிற இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.