முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்: பழைய நின்டெண்டோவை எழுப்பும் முறை

அலமாரியின் அடித்தட்டில் கிடந்த நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டியை வெளியே எடுத்தபோது எனக்கு இருந்தது ஒரே அவசரம்தான். செல்டா என்ற கேம் இருக்கும் தங்க நிற கேட்ரிட்ஜைப் போட்டு, சேமித்த ஆட்டங்களின் பட்டியலில் முதல் வரிசையில் அக்காவின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை சுவிட்ச் வரை போய்விட்டது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். உங்களிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதே அவசரம் உங்களுக்கும் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வேலை அடாப்டரைப் பார்ப்பது. பிளக் உள்ளே போகிறது என்பதற்காக எதையாவது செருகிவிடக் கூடாது. 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ பெட்டியான ஃபேமிகாமுக்கு நேர்மின்சாரம் (டிசி) வேண்டும். அதுவும் பிளக்கின் நடுமுனை எதிர்மின்முனையாக (மைனஸ்) இருக்க வேண்டும். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. அதன் அமெரிக்க வடிவமாக 1985இல் வந்த என்.இ.எஸ். பெட்டியின் சொந்த அடாப்டரோ 9 வோல்ட் மாறுமின்சாரம் (ஏசி) தரும். ஆகவே அடாப்டரின் அடியில் அச்சடித்திருப்பதையும் கன்சோலின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

அடுத்தது கேட்ரிட்ஜ். ஊதாதீர்கள். சின்ன வயதில் நாம் எல்லோரும் ஊதினோம், படமும் வந்தது. ஆனால் அது ஊதியதால் வந்ததல்ல. வெளியே எடுத்துத் திரும்பச் செருகும்போது அதன் அடியில் இருக்கும் உலோகப் பின்கள் சரியாகப் பொருந்திக்கொண்டன, அவ்வளவுதான். மூச்சில் இருக்கும் ஈரம் உலோகத்தை மெல்ல அரித்துவிடும். 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து, பின்கள் மேல் தேய்த்துத் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். எனக்கு ஒரு கேட்ரிட்ஜுக்கே ஏழெட்டுக் குச்சிகள் ஆயின. உப்புத்தாள் மட்டும் வேண்டாம், பின்களின் மேல்பூச்சே போய்விடும். நன்றாகக் காயவிட்டு அப்புறம் செருகுங்கள்.

என்.இ.எஸ்.ஸில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் பெட்டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு பூட்டுச் சிப்பு உண்டு. கேட்ரிட்ஜில் இருக்கும் ஜோடிச் சிப்போடு அதற்குப் பேச்சு சரியாக நடக்காவிட்டால், பெட்டியைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யும். பெரும்பாலும் அழுக்குதான் காரணம். இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள்.

இனி பேட்டரி. இங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். செல்டா மாதிரி சேமிக்கும் கேம்களில், நாம் விளையாடியதை 8 கிலோபைட் நினைவகம் ஒன்று வைத்திருக்கிறது. கன்சோல் அணைந்திருக்கும் நேரமெல்லாம் அதற்கு உயிர் கொடுப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. அதைக் கழற்றினால் நினைவகம் காலியாகிவிடும். புதிதாக மாற்றிவிட்டால் நல்லதுதானே என்று நினைத்து, பல வருடச் சேமிப்பை ஒரு நொடியில் அழித்தவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே வரிசை இதுதான். கேட்ரிட்ஜ் ரீடர் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. அதை வைத்து, சேமித்ததை முதலில் கணினியில் பிரதி எடுங்கள். அதன் பிறகே கேட்ரிட்ஜைத் திறக்கலாம். சாதாரண திருப்புளி அந்தத் திருகுகளில் நுழையாது, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளி வேண்டும். பேட்டரி பலகையோடு பற்றவைத்திருக்கும். புதியது வாங்கும்போது பற்றவைப்பதற்கென்றே உலோகக் கால் வைத்த பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைப்பது ஆபத்து. முனை மாறாமல் பற்றவைத்து, பிரதியைத் திரும்ப ஏற்றுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் பிரதியை நீங்களே எடுத்துவிடுங்கள்.

டிவி விஷயம் சுருக்கமாக. பழைய குழாய் டிவி கிடைத்தால் அதுவே சிறந்தது. புது டிவி என்றால் கேம் மோடை இயக்கி, படத்தை 4:3 அளவில் வையுங்கள். வாத்து சுடும் கேமோடு வரும் விளையாட்டுத் துப்பாக்கி மட்டும் அதில் வேலை செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி தேடுகிறது. புது டிவியில் அது தாமதமாக வருவதால் குறி எப்போதும் தப்பும்.

எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டேன். முதல் வரிசையில் அக்காவின் பெயர், பக்கத்தில் இதயங்கள். இரண்டாவதில் என் பெயர். போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏய், ஆஃப் பண்றப்ப ரீசெட்டை அமுக்கிப் பிடிச்சுக்கணும், ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அந்த கேமில் சேமிப்பு கெடாமல் அணைக்க அதுதான் வழி. ஒரு விரல் ரீசெட்டில், இன்னொன்று பவரில்.