இறுதிக்காலப் பராமரிப்பு: மருத்துவமனையும் மக்களும் சேர்ந்து செய்ய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நள்ளிரவில், "வென்டிலேட்டர் வைக்கலாமா?" என்று மருத்துவர் கேட்கும்போதுதான் பல குடும்பங்கள் அந்தக் கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்கின்றன. நோயாளி பேசும் நிலையில் இருப்பதில்லை. பிள்ளைகளிடையே கருத்து ஒத்துப்போவதில்லை. மருத்துவரும் அன்றுதான் அவரைப் பார்த்திருப்பார். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அப்படிக் கேட்பதை வழக்கமாக்குவது மருத்துவமனையால் மட்டும் ஆகிற காரியமன்று.

முதலில் ஒரு சிறு குழு அமைய வேண்டும். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், சமயப் பெரியவர்கள் ஆகியோருடன் ஆம்புலன்ஸ் ஊழியரையும் முதியோர் இல்லப் பொறுப்பாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நேரத்தில் நோயாளியை முதலில் தொடுபவர்கள் அவர்களே. இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர்கள், தம் வீட்டில் ஒருவரை இறுதிவரை பராமரித்தவர்கள். அவர்கள் தயக்கமின்றிப் பேச வேண்டுமென்றால், கூட்டத்தை மருத்துவமனைக்கு வெளியே நடத்துவது நல்லது.

குழுவின் முதல் வேலை, அண்மையில் நேர்ந்த இறப்புகளில் என்ன நடந்தது என்பதைப் பெயர் குறிப்பிடாமல் கேட்டறிவது. விருப்பத்தை யாரும் கேட்டிருக்கவில்லையா, கேட்டு எழுதிய தாள் பீரோவில் பூட்டிக் கிடந்ததா, வலிக்கு மருந்து கிடைக்கவில்லையா என்று பிரித்துப் பார்த்தால், எங்கே தொடங்குவது என்பது தானே தெளிவாகும்.

அடுத்தது, அப்பகுதியின் எல்லா மருத்துவமனைகளும் ஏற்றுக்கொள்ளும் ஒரே விருப்பப் படிவம்; அதாவது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள். அமெரிக்காவின் லா கிராஸ் நகரில் மருத்துவ நிறுவனங்கள் 1991-இல் இதைக் கூட்டாகத் தொடங்கின; சில ஆண்டுகளில் அங்கே இறந்தவர்களிடையே நடத்திய ஆய்வில், 85 சதவீதத்தினர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. அந்த ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை நோயாளியின் மருத்துவக் கோப்பிலேயே இருந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. படிவத்தின் ஒரு பிரதி கோப்பின் முதல் பக்கத்திலும், மற்றொன்று தமக்காக முடிவெடுக்க நோயாளி நியமித்தவரின் கையிலும் இருக்கட்டும். சாட்சிகள், கையொப்பம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், அதை வழக்கறிஞர் சரிபார்க்க வேண்டும்.

பேசாமல் நிரப்பிய படிவத்தால் பயனில்லை. "உங்களால் பேச முடியாமல் போனால், உங்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும்?" என்று தொடங்கி, "எது இல்லாமல் வாழ்வதை உங்களால் ஏற்கவே முடியாது?" என்பதுவரை பொறுமையாகக் கேட்கத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். நியமிக்கப்படுபவரும் அந்தப் பேச்சில் உடனிருக்க வேண்டும். பின்னாளில் உறவினர்களுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். நோயாளி எப்போது வேண்டுமானாலும் மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. செலவைக் குறைக்கும் வழியாக இப்படிவம் ஒருபோதும் மாறிவிடக் கூடாது. ஏழைகளும் மாற்றுத்திறனாளிகளும் சிகிச்சையைத் துறக்கும்படி நயமாக நிர்ப்பந்திக்கப்படுவது பெரும் அநீதி. எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்பவரின் விருப்பத்துக்கும் அதே மதிப்பு உண்டு. சந்தேகம் எழுந்தால், குடும்பத்தினரே நேரடியாக அணுகக்கூடிய நெறிமுறைக் குழு ஒன்று மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

உயிர்காக்கும் கருவி வேண்டாம் என்றவரைக் கைவிடுவதும் அநீதியே. வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடும் வலிக்கான மருந்தாகிய வாய்வழி மார்ஃபின் எங்கே கிடைக்கும், யார் எழுதித் தரலாம் என்பதைக் குழு முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுவதும், பராமரிப்பவர் சிறிது நேரம் தூங்குவதற்காக உடனிருப்பதும் அக்கம்பக்கத்தாரால் முடியும். கேரளத்தில் 1999 முதல் வளர்ந்த அண்டைவீட்டார் வலையமைப்பு இதைச் செய்துகாட்டியிருக்கிறது.

இறப்புக்குச் சில வாரங்கள் கழித்துக் குடும்பத்தினரைச் சந்தித்து, விருப்பம் மதிக்கப்பட்டதா, வலி தணிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்தால், அது அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இருக்கட்டும்.