பின்பக்க சஸ்பென்ஷன் சத்தம்: புதுசா கத்துக்கிறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

போன வாரம் பட்டறையில ஒரு தம்பி, வண்டி லிஃப்ட்ல தலைக்கு மேல நிக்குது, பின் சக்கரம் ரெண்டும் தொங்குது, அப்படியே ஆக்சில் புஷ் (ஆக்சிலை பாடியோட சேக்கற ரப்பர் இணைப்பு) போல்ட்டை இம்பாக்ட் கன் வெச்சு டர்ர்ர்னு இறுக்கிட்டு, கையத் துடைச்சுக்கிட்டே வந்து "முடிஞ்சுதுங்ண்ணா"ங்கறான். எனக்கு உடனே 2013 ஞாபகம் வந்துடுச்சு. அதே போல்ட், அதே டர்ர்ர். அவனை ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இவன் மட்டும் இல்ல, இந்த அஞ்சாறு வருஷத்துல எங்கிட்ட வேலை கத்துக்க வந்த பசங்க முக்காவாசிப் பேரு இதையேதான் பண்றாங்க.

டிக்கியில ஜாக்கி உருளுதா, ஸ்டெப்னி போல்ட் லூஸா, சைலன்சர் ரப்பர் அறுந்துடுச்சா, இதெல்லாம் பாருங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதைத் தாண்டி வந்தவங்களுக்குத்தான் இது.

எந்த வண்டிய வெச்சுப் பேசறேன்னு சொல்லிடறேன். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ மாதிரி வண்டிங்கள்ல பின்னாடி இருக்கறது டார்ஷன் பீம். குறுக்கால ஒரு பீம், ரெண்டு ஓரத்துலயும் கை மாதிரி ஒரு ஆர்ம், அந்த ஆர்மோட முன்நுனி பெரிய ரப்பர் புஷ் வழியா பாடியில மாட்டியிருக்கும், பின்நுனியில சக்கரம். ஸ்பிரிங் தனி, குலுக்கலை அடக்கற ஷாக் (ஷாக் அப்சார்பர்) தனி. அதனால சத்தம் வர்றதுக்கு ஒரு பக்கத்துக்கு முக்கியமா அஞ்சு இடம்தான்: ஆக்சில் புஷ், ஷாக்கை மேல பாடியில பிடிச்சிருக்கற மவுண்ட், ஷாக்கோட கீழ் புஷ், ஸ்பிரிங் உக்கார்ற மேல் சீட், கீழ் சீட். அஞ்சே இடம், ஆனா அதுக்குள்ளயே எவ்வளவு பணம் வீணாகுதுன்னு பாருங்க.

சத்தத்தைக் கேக்காமயே வண்டிய லிஃப்ட்ல ஏத்துறது

கஸ்டமர் "பின்னாடி டொக் டொக்குனு வருது"ன்னு சொன்னதும் நேரா லிஃப்ட். ஏன்ப்பா, முதல்ல அவர் பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வா. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது வருதா இறங்கும்போது வருதா, ஒரு சக்கரம் மட்டும் குழியில விழுந்தா வருதா, பிரேக் பிடிச்சா வருதா, பின்னாடி ஆள் உக்காந்தா நிக்குதா. "டொக்"னு ஒரே ஒரு அடி வேற, "லொட லொட"ன்னு சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் வர்றது வேற, "கீச்"னு இழுக்கறது வேற. லொட லொடன்னா நான் முதல்ல ஷாக் மேல் மவுண்ட்டைப் பாப்பேன், கீச்னா ரப்பர், கனமான ஒரே டொக்னா ஆக்சில் புஷ். எப்பவுமே இப்படித்தான் இருக்கும்னு இல்ல, தேடறதுக்கு ஒரு வரிசை கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் எந்தப் பக்கம்ங்கறதைக் காதை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க. பாடி மொத்தமும் ஒரே தகரம், பீமும் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கு, இடப்பக்கம் அடிச்சா வலப்பக்கம் கேக்கும். நான் பண்றது என்னன்னா ஃபோன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணி டிக்கியில இடது வீல் ஆர்ச் ஓரமா துணியில சுத்தி வெச்சு ஒரு ரவுண்டு, வலது ஓரமா வெச்சு அதே ரோட்டுல அதே ஸ்பீடுல இன்னொரு ரவுண்டு. ரெண்டையும் போட்டுக் கேட்டா எது கிட்டக்க அடிக்குதுன்னு நல்லாவே தெரியும்.

தொங்குற சக்கரத்தை ஆட்டிப் பாத்துட்டு "எல்லாம் டைட்டா இருக்கு"ன்னு சொல்றது

இதுவும் இதுக்கு அடுத்ததும் ஒரே வேர்ல இருந்து வர்ற தப்புதான். வண்டியத் தூக்கினதும் சக்கரம் கீழ தொங்குது இல்லையா, அந்த மொத்த ஆக்சில் வெயிட்டையும் அப்போ யார் பிடிச்சிருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. ஷாக்தான். ஷாக் முழுசா நீண்டு அதுக்கு மேல போக முடியாம இழுத்துப் பிடிச்சிட்டு நிக்குது. அப்போ மேல் மவுண்ட்ல 3 மில்லிமீட்டர் லூஸ் இருந்தாலும் அந்த இழுப்புல அது மறைஞ்சுடும். நீங்க என்ன ஆட்டினாலும் ஆடாது. "மவுண்ட் ஓகே, அப்போ ஷாக் உள்ளதான் போயிருக்கணும்"னு எழுதிக் குடுத்துடறாங்க.

அதே வண்டி தரையில நிக்கும்போது வெயிட்டை ஸ்பிரிங் தாங்குது, ஷாக் மேல பெருசா பாரம் இல்ல. இப்போ ஒருத்தர் டிக்கியை மேலயும் கீழயும் அமுக்கி விடட்டும், நீங்க பிட்டுக்குள்ள (வண்டிக்கு அடியில ஆள் நிக்கற குழி) நின்னு ஷாக்கைக் கையால சுத்திப் பிடிங்க. மவுண்ட் போயிருந்தா ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளங்கையில "டிக்"னு ஒரு தட்டு விழும், காதுக்குக் கேக்கறதுக்கு முன்னாடி கைக்குத் தெரியும். அதே மாதிரி ஸ்பிரிங்கைப் பிடிங்க, ஆர்ம் முன்நுனியில புஷ் பக்கத்துல விரல வைங்க. ஒரு பத்து நிமிஷ வேலை. பிட் இல்லாதவங்க நாலு சக்கரமும் உக்கார்ற மாதிரி ராம்ப்ல ஏத்திப் பண்ணலாம்.

புஷ் ரப்பர்ல இருக்கற வெடிப்பு மட்டும் தொங்கும்போது சில சமயம் வாயைப் பொளந்துட்டு நல்லா தெரியும், அதனால ரெண்டு நிலையிலயும் பாக்கறது நல்லது. ஆனா ஒண்ணு, நிறைய ஆக்சில் புஷ்ல கம்பெனியே ரப்பருக்கு நடுவுல இடைவெளி விட்டுத்தான் செய்வாங்க, முன்பின் அசைவுக்காக. அதைக் கிழிசல்னு நினைச்சு நல்ல புஷ்ஷைக் கழட்டிப் போட்ட பசங்க உண்டு. இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஓரம் வழவழன்னு ஒரே அச்சா இருந்தா அது டிசைன், பிஞ்ச மாதிரி இருந்தாதான் கிழிசல்.

புஷ் போல்ட்டை அந்தரத்துல இறுக்குறது

இதுக்குத்தான் இவ்வளவு நேரம். இன்னிக்கும் யாராவது இதைப் பண்றதைப் பாத்தா எனக்கு எரிச்சல் வருது.

2013-ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அவரோட ஹேட்ச்பேக் கொண்டு வந்தார், பின்னாடி ஸ்பீட் பிரேக்கர்ல கனமா ஒரு டொக். ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பாத்தேன், எல்லாம் டைட்டு, ஷாக் ரெண்டும் மாத்திடலாம் சார்னு சொல்லி லேபரோட 5,400 ரூபா வாங்கினேன். சத்தம் போகல. ரெண்டாவது நாளே திரும்பி வந்தார். அப்புறம்தான் புஷ் பக்கம் போனேன், ஆக்சிலை இறக்கி, பிரஸ் வெச்சுப் பழசைத் தள்ளி, புதுசு போட்டு, வண்டி தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முழு பலத்தோட இறுக்கிக் குடுத்துட்டேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஏழாவது மாசம் அதே டொக். புஷ்ஷைப் பாத்தா ரப்பர் பிறை மாதிரி ஒரு பக்கமாவே கிழிஞ்சிருக்கு. "டூப்ளிகேட் பார்ட்ஸ் சார்"னு சொல்லி வேற கடையில வாங்கி மறுபடியும் போட்டேன், அதே மாதிரி அந்தரத்துலயே இறுக்கினேன். எட்டு மாசம்தான் தாங்குச்சு. மூணாவது தடவை வந்தப்போ அவர் ஒரு வார்த்தை திட்டல, "ஏன் தம்பி, ஒரே வேலைய மூணு தடவ செய்யற?"ன்னு மட்டும் கேட்டார். அந்த மூணாவது தடவை காசு வாங்காமத்தான் செஞ்சு குடுத்தேன். அதுக்கு முன்னாடி வயசான ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து அந்தக் கிழிஞ்ச புஷ்ஷைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, "வண்டி நிக்கறப்ப இறுக்கினியா, தொங்கறப்ப இறுக்கினியா"ன்னு கேட்டாரு. எனக்கு அந்தக் கேள்வியே புரியல.

விஷயம் இதுதான். புஷ்ங்கறது பேரிங் கிடையாது, உள்ள எதுவும் சுத்தாது. வெளிய ஒரு இரும்புக் குழாய், உள்ள ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரெண்டுலயும் ஒட்டின ரப்பர். போல்ட்டை இறுக்கினா உள் குழாய் பிராக்கெட்டோட கவ்விப் பிடிச்சு அசையாம நின்னுடும். அதுக்கப்புறம் ஆர்ம் மேல கீழ போறதெல்லாம் ரப்பர் முறுக்கிக் குடுக்கறதாலதான். அப்போ எந்த நிலையில இறுக்குறோமோ அதுதான் ரப்பருக்கு முறுக்கே இல்லாத நிலை. தொங்கும்போது இறுக்கிட்டீங்கன்னா, வண்டியத் தரையில இறக்கின நொடியே ரப்பர் முறுக்கிக்கும், அப்புறம் அந்த முறுக்கு விடவே விடாது, ராத்திரி ஷெட்ல நிக்கும்போதும் அது முறுக்கிக்கிட்டேதான் நிக்கும், குழியில விழுந்தா அதுக்கு மேல இன்னும் முறுக்கும்.

எவ்வளவு முறுக்குன்னு அந்த வண்டியிலயே அளந்தேன். தரையில நிக்கும்போது சக்கரத்தோட நடு மையத்துல இருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கற பாடித் தகடு) விளிம்பு வரைக்கும் 36 செமீ. தொங்கும்போது 45. வித்தியாசம் 9 செமீ. ஆர்ம் நீளம் புஷ்ல இருந்து சக்கர மையம் வரைக்கும் கிட்டத்தட்ட 40 செமீ. கணக்குப் போட்டா 13 டிகிரி. நாள் முழுக்க 13 டிகிரி முறுக்கிலயே நிக்கற ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

தம்பிக்கு இதைக் காட்டறதுக்கு வெள்ளை பெயின்ட் மார்க்கர் எடுத்து வெளிக் குழாய், ரப்பர், உள் குழாய் மூணு மேலயும் சேத்து ஒரே நேர்கோடு போட்டேன், தொங்கற நிலையில. வண்டிய இறக்கிட்டு பிட்டுக்குள்ள போய்ப் பாக்கச் சொன்னேன். கோடு வளைஞ்சு மூணு துண்டா நின்னுச்சு. அவன் கொஞ்ச நேரம் டார்ச்சை அடிச்சுப் பாத்துட்டே இருந்தான், அப்புறம் அவனே போல்ட்டை லூஸ் பண்ணினான், "டக்"னு ஒரு சின்ன சத்தத்தோட கோடு மறுபடி நேராயிடுச்சு.

சரியான முறை: தூக்கறதுக்கு முன்னாடியே அந்த மையம் டு ஃபெண்டர் அளவை எடுத்து சாக்பீஸ்ல கண்ணாடியில எழுதிடுங்க. புஷ் போட்டதும் போல்ட்டை நட் கழண்டு விழாத அளவுக்கு மட்டும் கையால பிடிச்சு விடுங்க. பிட் இருந்தா சக்கரத்தைத் தரையில இறக்கி, டிக்கியை நாலஞ்சு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்துல இறுக்கறோம்னு காட்டற ஸ்பானர்) வெச்சு இறுக்குங்க, உங்க வண்டி மேனுவல்ல என்ன அளவு போட்டிருக்கோ அது. பிட் இல்லைன்னா ஆர்ம்ல ஸ்பிரிங் சீட்டுக்கு அடியில ஜாக்கி குடுத்து கண்ணாடியில எழுதின அந்த அளவு வர்ற வரைக்கும் ஏத்தி இறுக்கணும், ரெண்டு பக்கமும் இதே மாதிரி. அந்த அளவு நெருங்கும்போது அந்த மூலையோட வெயிட் ஜாக்கி மேல வந்துடும், பாடி, அதைத் தாங்கிட்டு இருக்கற ஸ்டாண்டை விட்டு மேல எழும்பப் பாக்கும், மெதுவா ஏத்துங்க. பீமோட நடுவுல ஜாக்கி குடுக்காதீங்க, வளைஞ்சுடும். புஷ்ல அம்புக்குறியோ கோடோ இருந்தா அது எந்தப் பக்கம் பாக்கணும்னு மேனுவல்ல பாத்துட்டு பிரஸ் பண்ணுங்க, திருப்பிப் போட்டா மறுபடி மொத்த வேலையும் முதல்ல இருந்து.

ஷாக்கோட கீழ் போல்ட்டுக்கும் இதே விதிதான், அங்கயும் உள்ள இருக்கறது ஒட்டின ரப்பர் புஷ்.

கீச் சத்தத்துக்கு ரப்பர்ல ஆயில் அடிக்கிறது

அடிக்காதீங்க, ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். எதுல இருந்து வருதுன்னு தெரியணும்னா ஒவ்வொரு புஷ்லயா தண்ணி ஊத்துங்க, எதுல ஊத்தினதும் கீச் நிக்குதோ அதுதான். தண்ணி காஞ்சதும் சத்தம் திரும்ப வரும், அதுக்குள்ள ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கும்.

ஒரு ஷாக் மட்டும் மாத்துறது

வேண்டாம். ஜோடியா மாத்துங்க.

ஷாக்ல லேசா ஈரம் பாத்ததும் "லீக்"னு சொல்றது

ராடு உள்ள வெளிய போகும்போது சீல்ல மெல்லிசா ஒரு ஆயில் படலம் வரும், அதுல தூசி ஒட்டி மேல் பக்கம் மட்டும் கறுப்பா இருக்கும். அது வேர்வை மாதிரி. கோடு கோடா வழிஞ்சு கீழ் புஷ் வரைக்கும் வந்திருந்தாதான் லீக். துணியால துடைச்சு விட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க.

ஸ்பிரிங்கோட கடைசிச் சுத்தைப் பாக்காம விடுறது

ஸ்பிரிங் உடைஞ்சா வண்டி சாஞ்சு நிக்கும்னு பசங்க நினைக்கிறாங்க. கடைசி அரைச் சுத்து மட்டும் கீழ் சீட்டுக்குள்ள உடைஞ்சா சாயவே சாயாது, சேறும் மண்ணும் அப்பியிருக்கும், கண்ணுக்கும் தெரியாது. தண்ணி அடிச்சுக் கழுவிட்டு, வண்டி தொங்கற நிலையில விரலை விட்டு நுனியத் தடவிப் பாருங்க. கம்பெனி வெட்டின நுனி பெயின்ட்டோட சீரா இருக்கும், உடைஞ்சது சொரசொரன்னு துரு பிடிச்சு கையக் கீறும். இன்னொரு பக்கத்து நுனி எந்த இடத்துல முடியுதுன்னும் பாத்துக்கோங்க.

டிரம்மை மறந்துடுறது

பின் சக்கரத்துல டிரம் பிரேக் இருக்கற வண்டியில, உள்ள பிரேக் ஷூவைப் (டிரம்மை உரசி நிறுத்தற கட்டை) பிடிச்சிருக்கற சின்ன ஸ்பிரிங்கோ கிளிப்போ போனா ஷூ ஆடி, கிட்டத்தட்ட சஸ்பென்ஷன் மாதிரியே தட்டும். ஆள் இல்லாத இடத்துல 10 கிலோமீட்டர் வேகத்துல சின்ன மேடு மேல போகும்போது ஹேண்ட் பிரேக்கை ஒரு ரெண்டு கிளிக் மட்டும் லேசா இழுங்க. சத்தம் மாறினா, நின்னா, டிரம்மைக் கழட்டிப் பாத்துட்டு அப்புறம் மத்தது. அதே மாதிரி ஸ்பீடு ஏற ஏற "ஊஊ"ன்னு கூடிட்டே போற சத்தம் சஸ்பென்ஷனே இல்ல, அது பேரிங் இல்லைன்னா டயர். வலப்பக்கம் வளையும்போது கூடினா இடது பேரிங்கைப் பாருங்க, வெயிட் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்குறது

கூடவே கூடாது. ஸ்டாண்ட் வைங்க.

காலி வண்டியில டெஸ்ட் ட்ரைவ் போயிட்டு "சரியாயிடுச்சு"ன்னு சாவியக் குடுக்கறது

குடும்பத்தோட போகும்போது மட்டும் சத்தம் வருதுன்னு ஒருத்தர் சொல்லியிருப்பார், தம்பி தனியா ஒரு ரவுண்டு போயிட்டு சத்தமே இல்லைங்ண்ணான்னு சொல்லுவான். பின்னாடி மூணு பேர் உக்காந்தா ஸ்பிரிங் இறங்கும், அப்போதான் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் கடைசி வரைக்கும் அமுங்கும்போது தாங்கற ரப்பர்) பொடிஞ்சுபோனது தெரியும், டயர் வீல் ஆர்ச் உள்பக்க லைனர்ல உரசறது தெரியும். பாலக்காடு ரோட்டுல எந்த ஸ்பீட் பிரேக்கர்ல அவருக்குச் சத்தம் வந்துச்சோ அங்கயே, அவர் போற வேகத்துலயே, அதே பாரத்தோட போகணும். இதுக்காகவே பட்டறை மூலையில 50 கிலோ மணல் மூட்டை மூணு கட்டி வெச்சிருக்கேன், பழைய படுதாவ விரிச்சுப் பின்சீட்டுல ஏத்திட்டுத்தான் வண்டி வெளிய போகும்.