சின்னப் பசங்களுக்கு குரூப் பியானோ கிளாஸ்: நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன மாசம் புதுசா கிளாஸ் ஆரம்பிச்சிருக்கிற ஒரு டீச்சர், "ஒரு நாள் வந்து பின்னாடி உட்கார்ந்து பாருங்கக்கா, ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க"ன்னு கூப்பிட்டாங்க. போனேன். அஞ்சு ஆறு வயசுல ஆறு குழந்தைங்க, வரிசையா ஆறு கீபோர்டு. நல்ல டீச்சர்தான், குரல்ல அன்பு இருக்கு, வாசிக்கிற கையும் நல்ல கை. ஆனா கிளாஸ் தொடங்கி பத்து நிமிஷத்துல எனக்கு வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடுச்சு, ஏன்னா பல வருஷம் முன்னாடி நான் பண்ணினது அச்சு அசலா என் கண்ணு முன்னாடி நடந்துட்டு இருந்துச்சு.

அதான் எழுத உட்கார்ந்துட்டேன். பொறுமையா இருக்கணும், திட்டக்கூடாது, தினமும் வீட்ல கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லணும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல. நல்லாதான் சொல்லிக் கொடுக்கிறோம்னு நம்பிக்கிட்டே மாசக்கணக்கா பண்ற தப்புகள் மட்டும் சொல்றேன்.

ஒவ்வொருத்தரா வாசிக்க வைக்கிறது

45 நிமிஷ கிளாஸ், ஆறு பேர். டீச்சர் இடது பக்கம் முதல் பெஞ்ச்ல ஆரம்பிக்கிறாங்க, "நீ வாசி கண்ணா", வாசிக்கிறான், கையை வளைச்சு விடுறாங்க, திருத்துறாங்க, சரி அடுத்த ஆள். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு குழந்தைக்கு ஏழு நிமிஷம் கிடைக்கும், மிச்சம் 38 நிமிஷம் அது சும்மா உட்கார்ந்திருக்கணும். அன்னிக்கு ஒருத்தன் பெஞ்ச் மேல முட்டி போட்டு நின்னான், ஒருத்தி வால்யூமை ஏத்தி இறக்கிட்டே இருந்தா, கடைசி பெஞ்ச் பாப்பா ஹெட்போன் வயரை ஆள்காட்டி விரல்ல சுத்திச் சுத்தி நுனி சிவக்கிற அளவுக்கு இறுக்கிட்டு இருந்துச்சு. டீச்சர் நாலு தடவை "அமைதி அமைதி"ன்னாங்க. பசங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க, அவங்களுக்கு வேலையே கொடுக்கல, அவ்வளவுதான்.

நேரம் வீணாப் போறதைக்கூட விடுங்க. என்னை இன்னிக்கும் உறுத்துறது அந்த வரிசை.

நானும் அப்போ இப்படித்தான், எப்பவும் இடது கோடியில ஆரம்பிச்சு வலது கோடியில முடிப்பேன், மாத்தணும்னு தோணினதே இல்ல. இடது கோடியில ஒரு பையன், ஆறு வயசு இருக்கும், அதிகமா பேச மாட்டான். வலது கோடியில ஒரு பொண்ணு, துறுதுறுன்னு இருப்பா. பையன் ஒவ்வொரு வாரமும் தடுமாறுவான், ஒரு நோட் அடிப்பான், நிறுத்துவான், பேப்பரைப் பார்ப்பான், உதடு அசையும், அடுத்த நோட்டைத் தேடுவான். அந்தப் பொண்ணு தன் முறை வந்ததும் நிறுத்தாம கடகடன்னு வாசிச்சு முடிச்சிடுவா. நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்? அவ நல்லா நோட் படிக்கிறா, அவனுக்கு மெதுவாதான் ஏறுது. அதோட நிறுத்தியிருந்தாலும் பரவால்ல, ஒரு நாள் அவனைக் கூட்டிட்டுப் போக வந்த அவங்கம்மா "எப்படிங்க மிஸ் பண்றான்?"னு கேட்டப்போ அவனை வச்சுக்கிட்டே "கொஞ்சம் கஷ்டப்படுறான், மத்தவங்க அளவுக்கு வரல"ன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து அவன் வரல.

ரெண்டு வாரம் கழிச்சு, காலியா கிடந்த முதல் பெஞ்ச்ல அந்தப் பொண்ணை உட்கார வச்சேன். புதுப் பாட்டு, எட்டே நோட்டு, மிடில் சி-ல, அதாவது கீபோர்டுக்கு நடுவுல இருக்கிற சி-ல தொடங்குது. முதல் முறை அவளோடது. பேப்பரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கையை கீ மேல வச்சா, எடுத்தா. அப்புறம் மெதுவா, "மிஸ், நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க"ன்னா. மிடில் சி எதுன்னு கேட்டேன், தெரியல. பேப்பர்ல முதல் நோட் எதுன்னு கேட்டேன், தெரியல. அஞ்சு மாசம்! தனக்கு முன்னாடி அஞ்சு பேர் வாசிக்கிறதையும் நான் திருத்துறதையும் கேட்டுட்டு, ஆறாவது ஆளா காதாலயே வாசிச்சுட்டு இருந்திருக்கா. காதால வாசிக்கிறது தப்பே இல்லைங்க, அது பெரிய திறமை, ஜப்பான் வயலின் டீச்சர் ஷினிச்சி சுஸுகி (1898-1998) உருவாக்கின முறையே கேட்டுக் கேட்டு வாசிக்கிறதுலதான் ஆரம்பிக்குது. ஆனா அவ படிக்கிறான்னு நான் நினைச்சுட்டு இருந்தேனே, அதுதான் தப்பு.

அப்பதான் அந்தப் பையன் ஞாபகம் வந்துச்சு. யாரும் வாசிச்சுக் கேட்காத பாட்டை முதல் ஆளா எடுத்து, ஒவ்வொரு நோட்டா, உதடு அசைச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு இருந்தவன் அந்த கிளாஸ்லயே அவன் ஒருத்தன்தான். மெதுவா போனான்னா, உண்மையில படிச்சுட்டு இருந்ததாலதான் மெதுவா போனான். அவங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன், தன்மையாதான் பேசினாங்க, ஆனா அவன் "எனக்கு பியானோ வராதும்மா"ன்னு சொல்லிட்டானாம், திரும்ப வரல.

அதனாலதான் வரிசையா வாசிக்க வைக்கிறதைப் பார்த்தாலே எனக்கு கோவம் வருது. யார் முதல்ல வாசிக்கிறாங்களோ அவங்க மக்கா தெரிவாங்க, யார் கடைசியோ அவங்க கெட்டிக்காரங்களா தெரிவாங்க, நீங்க அதை நம்பி ரிப்போர்ட் கொடுப்பீங்க.

சரி, வேற எப்படித்தான் நடத்துறது? ஒரு நேரத்துல ஆறு பேருக்கும் வேலை இருக்கணும், ஆனா ஆறு பேருக்கும் ஒரே வேலையா இருக்கணும்னு இல்ல. நான் முதல் பத்து நிமிஷம் கீபோர்டு பக்கமே விட மாட்டேன். பீட்டுக்கு நடக்கணும், குவார்ட்டர் நோட்டுக்கு (ஒரு பீட்) ஒரு அடி, ஹாஃப் நோட்டுக்கு (ரெண்டு பீட்) ஒரு அடி வச்சு முட்டியை மடக்கி நிக்கணும். எமில் ஜாக் டால்க்ரோஸ் (1865-1950) ஜெனிவாவுல டீச்சரா இருந்தப்போ, விரல் வேகமா ஓடுற ஸ்டூடண்ட்ஸுக்கே ரிதம் உள்ளுக்குள்ள இல்லைன்னு பார்த்துட்டுதான் அவங்களை எழுப்பி நடக்க விட்டாரு, அஞ்சு வயசுக்கு அது இன்னும் பொருந்தும். அப்புறம் ஒரு பீட்டுக்கு டா, அதுல பாதி பாதியா ரெண்டு நோட் வந்தா டீ-டீன்னு சொல்லிக் கை தட்டுறது. பெஞ்ச்ல உட்கார்ந்ததும் மூணு வேலையா பிரிப்பேன்: ரெண்டு பேர் மெலடி, ரெண்டு பேர் கீழ ஒரே ஒரு சி-யை பீட் தவறாம, மிச்ச ரெண்டு பேர் பேப்பர்ல விரல் வச்சு நோட் பேரைச் சத்தமா பாடணும். ஒரு சுத்து முடிஞ்சா மாத்திக்கணும். சிரமப்படுற குழந்தைக்கு அந்த ஒத்தை சி-யை இன்னொரு சுத்து கொடுத்தா கிளாஸும் நிக்காது, அதுக்கும் அவமானம் இல்ல.

தனியா கேட்கவே வேண்டாமான்னா, கேட்கணும். மத்தவங்க ஹெட்போன்ல நாலு பார் பழகுற நேரத்துல ஒருத்தர் பக்கத்துல போய் முட்டி போட்டு உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் கேளுங்க, இன்னிக்கு இடது கோடின்னா அடுத்த வாரம் நடுவுல இருந்து. எப்பவாவது எல்லாரும் ஒருத்தரைக் கேட்கிற மாதிரி வந்தா கேட்கிறவங்களுக்கும் ஒரு கேள்வி கொடுத்துடுங்க, "கடைசி நோட் மேல போச்சா கீழ போச்சா?" அளவுக்கு இருந்தா போதும், அஞ்சு தலையும் அந்தப் பக்கம் திரும்பிடும்.

இன்னொண்ணு, யாருமே வாசிச்சுக் காட்டாத நாலு நோட்டை மாசம் ஒரு தடவை ஒவ்வொருத்தர் முன்னாடியும் தனியா வச்சுப் பாருங்க. யார் படிக்கிறாங்க, யார் கேட்டு வாசிக்கிறாங்கன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

எல்லா கீ மேலயும் ஸ்டிக்கர்

ஒட்டாதீங்க. ஒட்டினா குழந்தை ஸ்டிக்கரைப் படிக்கும், கீபோர்டைப் பார்க்கவே பார்க்காது. கறுப்பு கீ ரெண்டு ரெண்டாவும் மூணு மூணாவும் கூட்டமா இருக்கே, அதைவிட நல்ல அடையாளம் எது? ரெண்டு கறுப்பு கூட்டத்துக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கிற வெள்ளைதான் சி, எங்க போனாலும் அதேதான். 61 கீ கீபோர்டுல ஆறு சி இருக்கு, 88 கீ பியானோவுல எட்டு. "கண்ணை மூடி கறுப்பைத் தடவி சி-யைக் கண்டுபிடி"ன்னு விட்டுப் பாருங்க, ரெண்டு வாரத்துல எல்லா சி-யும் அத்துப்படி. ஸ்டிக்கர்ல பழகின குழந்தை வேற பியானோ முன்னாடி உட்கார்ந்தா திருதிருன்னு முழிக்கும், பார்த்திருக்கேன். ரொம்ப அவசியம்னா மிடில் சி-க்கு மட்டும் ஒண்ணு, அதையும் ஒரு மாசத்துல உரிச்சிடுங்க.

கட்டை விரல்னா சி

இது குழந்தைங்களே போட்டுக்கிற கணக்கு, ஆனா காரணம் நாமதான். ஒரு வருஷம் முழுக்க வலது கையை சி-ல இருந்து ஜி வரைக்கும் ஒரே இடத்துல வச்சா, விரல் நம்பர்ல ஒண்ணுன்னா (கட்டை விரல்) சி, அஞ்சுன்னா (சுண்டு விரல்) ஜின்னு மண்டையில உட்கார்ந்திடும், நம்பர் போட்ட பாட்டை மட்டும் வாசிப்பாங்க, நம்பரை அழிச்சா நின்னுடுவாங்க. முதல் மாசமே மூணு கறுப்பு கீ மேல 2, 3, 4 விரலை வச்சு ஆரம்பிங்க, அந்த மூணும் நீளமான விரல், கறுப்பு கீ உயரமா இருக்கிறதால கையும் தானா வளைஞ்சு நிக்கும், "கையை வளை வளை"ன்னு கத்த வேண்டியதே இல்ல. பழகின பாட்டை அடுத்த வாரம் ஜி-ல தொடங்கி வாசிக்கச் சொல்லுங்க, பாட்டு அதே மாதிரி கேட்குதேன்னு முகம் மலரும் பாருங்க.

கால் தொங்குறது

கீழ ஒரு ஸ்டூல் வைங்க. முழங்கை கீ மட்டத்துக்கு வரணும்.

நகம்

வெட்டிட்டு வரணும்.

நாலு வயசையும் ஏழு வயசையும் ஒரே கிளாஸ்ல போடுறது

வேண்டாம், அண்ணன் தங்கச்சியா இருந்தாலும்.

ஹெட்போனை மாட்டிட்டு மறந்துடுறது

ஹெட்போன் வசதிதான், ஆனா 20 நிமிஷம் விட்டுட்டீங்கன்னா பாதிப் பேர் டெமோ பாட்டு கேட்டுட்டு இருப்பாங்க, மீதிப் பேர் டிரம்ஸ் சவுண்டு தேடுவாங்க. ஒரு தடவைக்கு மூணு நாலு நிமிஷம், அதுக்குள்ள முடிக்கிற மாதிரி ஒரே ஒரு வேலை. வால்யூமை நீங்களே வச்சிடுங்க, சின்னக் காது அது.

மேடைக்காக ஒரே பாட்டை மூணு மாசம் தேய்க்கிறது

வருஷ நிகழ்ச்சி வருதுன்னா எல்லா டீச்சருக்கும் இந்த ஆசை வந்திடும், குழந்தைக்கு மீறின பாட்டா எடுத்து, விரல் விரலா மனப்பாடம் பண்ண வச்சு, மேடையில கைதட்டல் வாங்கிடலாம். வாங்கலாம்தான். ஆனா அந்த மூணு மாசம் புது நோட் ஒண்ணும் படிச்சிருக்க மாட்டாங்க, நிகழ்ச்சி முடிஞ்ச அடுத்த வாரம் ஒரு சின்னப் பாட்டைக் கொடுத்தா "இது கஷ்டமா இருக்கு மிஸ்"ம்பாங்க, பாட்டு என்னமோ மேடையில வாசிச்சதுல கால்வாசிதான். ஏற்கனவே சுலபமா வாசிக்கிற பாட்டை மேடைக்குக் கொடுங்க, குரூப்பா சேர்ந்து வாசிக்கிற மாதிரி பிரிச்சுக் கொடுங்க. தயாரிப்புக்கு மூணு வாரம் தாராளம்.

அப்பா அம்மாவை வாசலோட நிறுத்துறது

யமஹா 1954-ல ஜப்பான்ல தொடங்கின குழந்தைகள் மியூசிக் கிளாஸ்ல பெத்தவங்களையும் கூட உட்கார வைக்கிற வழக்கம் உண்டு, சுஸுகி முறையிலயும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் முடியலைன்னாலும் கடைசி பத்து நிமிஷம் உள்ள கூப்பிடுங்க. அப்பதான் வீட்ல எதை வாசிக்கணும், எப்படின்னு அவங்களுக்குப் புரியும், இல்லைன்னா "எங்க, உன் பாட்டை வாசி பார்ப்போம்"ங்கிறதோட வீட்டுப் பயிற்சி முடிஞ்சிடும். ஒரே ஒரு கண்டிஷன், பக்கத்துக் குழந்தையைக் காட்டி "அவளைப் பாரு"ன்னு சொல்லக்கூடாது. நான் முதல் நாளே இதைச் சொல்லிடுவேன்.

வாசல்ல நின்னுக்கிட்டு "எப்படிப் பண்றா?"ன்னு கேட்பாங்க, கேட்கத்தான் செய்வாங்க. அந்த வாரம் என்ன புதுசா வந்துச்சோ அதை மட்டும் சொல்லுவேன், "கண்ணை மூடிட்டு சி கண்டுபிடிச்சா", "ஹாஃப் நோட்டுக்கு சரியா நின்னா". இந்தக் குழந்தைக்கு ஏறலைன்னு எனக்கே சந்தேகம் வந்தா, முதல்ல இடத்தை மாத்தி உட்கார வச்சு ரெண்டு வாரம் பார்ப்பேன், அதுக்கப்புறம்தான் அவங்கம்மாகிட்ட பேசுவேன், அதுவும் குழந்தை பக்கத்துல இல்லாதப்போ.